யுத்தகால ஸ்டாம்புகளும் நான் தொலைத்த ஓர் உறையும்

போன பொங்கலுக்கு லண்டனிலிருந்து தங்கை மகன் வந்திருந்தான். எல்லோருக்கும் சாக்லேட், சட்டைத்துணி. எனக்கு மட்டும் அட்டைக்குள் பத்திரமாக வைத்த ஒரு சின்னப் புத்தகம். "மாமா, ஸ்டாம்பு சந்தையில பார்த்தேன். உங்க ஞாபகம் வந்துச்சு" என்றான். பச்சை அட்டை, மேலே கிரீடம், விலை இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ். பிரிட்டிஷ் தபால் இலாகா இரண்டாம் உலக யுத்தத்தின்போது விற்ற ஸ்டாம்புப் புத்தகம்!

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். அங்கே ஸ்டாம்புகளைத் தாளில் கிழித்துக் கொடுப்பதோடு, சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும்படி சிறு புத்தகமாகவும் தைத்து விற்றார்கள். இங்கேயும் எட்வர்ட் மன்னர் காலத்தில், 1904லேயே, இப்படிப்பட்ட புத்தகங்கள் வந்துவிட்டன. ஆனால் எங்கள் பிள்ளையார்பாளையத்தில் எவரும் ஸ்டாம்பைப் புத்தகமாக வாங்கி நான் பார்த்ததில்லை. கடுதாசி எழுதினால் ஒரு ஸ்டாம்பு, அவ்வளவுதான்.

அவன் கொண்டுவந்த புத்தகத்தைப் பிரித்துக் கணக்குப் போட்டேன். அரைப் பென்னி ஆறு, இரண்டு பென்னி ஆறு, இரண்டரைப் பென்னி ஆறு. மூன்றும் பன்னிரண்டும் பதினைந்தும் சேர்ந்து முப்பது பென்ஸ். பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங். கணக்குச் சரி.

இந்தக் கணக்கிலேயே யுத்தம் இருக்கிறது. 1940 மே 1ஆம் தேதி இங்கிலாந்தில் உள்நாட்டுக் கடிதக் கட்டணத்தை ஒன்றரைப் பென்னியிலிருந்து இரண்டரைப் பென்னியாக உயர்த்தினார்கள். கார்டு இரண்டு பென்னி ஆனது. யுத்தச் செலவுக்குப் பணம் வேண்டுமே! அதனால் புத்தகத்துக்குள் இருந்த ஸ்டாம்புகளும் மாறின. இன்னொன்றையும் கவனித்தேன். என் ஆல்பத்தில் 1937இல் வந்த அதே ஆறாம் ஜார்ஜ் ஸ்டாம்புகள் சில உண்டு. அவை அழுத்தமான பச்சை, அழுத்தமான நீலம். புத்தகத்தில் இருப்பவையோ துவைத்துத் துவைத்து வெளுத்த வேட்டிக் கரை மாதிரி இருந்தன. 1941இல் மை செலவைக் குறைப்பதற்காக ஸ்டாம்பின் பின்புல நிறத்தை வெளிறச் செய்தார்கள். ராஜா முகம் அதேதான், மை மட்டும் சிக்கனம்.

அதைப் பார்த்ததும், நம் ஊர் யுத்தகால ஸ்டாம்புகளைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. அதோடு, அறுபது வருஷத்துக்கு மேலாக மனதில் கிடக்கும் ஒரு தவறையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

நம் நாட்டுக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஸ்டாம்பு அச்சடித்துக் கப்பலில் அனுப்பியது லண்டனில் இருந்த டி லா ரூ என்ற கம்பெனி. 1925இல் நாசிக்கில் அரசாங்க அச்சகம் தொடங்கினார்கள். மறு வருஷத்திலிருந்து நமக்கான ஸ்டாம்புகள் அங்கேயே அச்சாயின. இது எவ்வளவு நல்ல காலத்தில் நடந்தது என்பது யுத்தத்தில்தான் தெரிந்தது. 1940 டிசம்பர் 29ஆம் தேதி இரவு ஜெர்மன் விமானங்கள் லண்டன் மீது குண்டு பொழிந்தபோது டி லா ரூவின் அச்சகம் எரிந்து போயிற்று. அவர்களையே நம்பியிருந்த நாடுகள் ஸ்டாம்புக்குத் திண்டாடின. நமக்கு நாசிக் இருந்தது.

ஆனால் நாசிக்குக்கும் சிக்கனம் வந்தது. 1937இல் வந்த ஆறாம் ஜார்ஜ் வரிசையில் இரண்டணா முதல் பன்னிரண்டணா வரை உள்ள ஸ்டாம்புகள் அகலமாக, அழகாக இருக்கும். தபால் எப்படியெல்லாம் போகிறது என்பதுதான் படம். இரண்டணாவில் ஈட்டியும் மணியுமாக ஓடும் தபால்காரன், இரண்டரையணாவில் மாட்டுவண்டி, மூன்றணாவில் குதிரை பூட்டிய டோங்கா, மூன்றரையணாவில் ஒட்டகம், நாலணாவில் ரயில், ஆறணாவில் கப்பல், எட்டணாவில் லாரி, பன்னிரண்டணாவில் ஆகாய விமானம். சின்னப் பையன்களுக்கு அந்த வரிசை பொக்கிஷம். 1940 முதல் 1943 வரை வந்த அடுத்த வரிசையில் இந்தப் படங்கள் அநேகமாக இல்லை. பெரும்பாலும் சின்ன ஸ்டாம்பு, பெரும்பாலானவற்றில் ராஜா தலை மட்டும். ஒட்டகம் போயிற்று, கப்பல் போயிற்று.

அந்தப் புது வரிசையில் ஒரு ஸ்டாம்பின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒன்றேகாலணா ஸ்டாம்பு. மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், பார்வைக்கு ஒன்றுமில்லை. யுத்தத்துக்கு முன் உள்ளூர்க் கடிதத்துக்கு ஓர் அணா போதும். 1940 கடைசியில் அதை ஒன்றேகாலணா ஆக்கினார்கள். முதலில் ஜனங்கள் ஓர் அணா ஸ்டாம்பும் காலணா ஸ்டாம்புமாக இரண்டு ஒட்டினார்கள். பிறகு 1941இல் ஒன்றேகாலணாவுக்கென்றே தனி ஸ்டாம்பு வந்தது. அது வந்து இரண்டு வருஷம் ஆவதற்குள் கட்டணம் ஒன்றரையணா ஆகிவிட்டது! அதற்கு ஊதா நிற ஸ்டாம்பு வந்துவிட, பழுப்பு ஸ்டாம்புக்கு வேலை போயிற்று. மிச்சம் இருந்ததை வீணாக்குவானேன் என்று 1946 ஆகஸ்டில் அதன்மேல் '3 பை' என்று அச்சடித்து விற்றார்கள். ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு பை. பதினைந்து பை விலையுள்ள ஸ்டாம்பு மூன்று பைக்கு வந்தது. வேலை போனவனை ஐந்தில் ஒரு பங்கு சம்பளத்துக்கு மறுபடி சேர்த்துக்கொண்ட மாதிரி! இன்றும் இந்த ஸ்டாம்பு சொற்ப விலைக்குக் கிடைக்கும். ஆனால் ஐந்து வருஷ விலைவாசி முழுதும் அதில் இருக்கிறது.

கார்டு மட்டும் யுத்தம் முழுவதும் முக்காலணாவிலேயே நின்றது. அதனால்தான் பழைய வீடுகளில் கட்டுக் கட்டாகக் கிடைப்பது கார்டுகளே. காஞ்சிபுரத்து ஜவுளி வியாபாரம் பாதி கார்டில்தான் நடந்தது. கொள்ளேகாலத்துப் பட்டுக்கும் சூரத் சரிகைக்கும் கார்டு போகும், கார்டு வரும். புடவைகள் வி.பி.பி.யில் போகும். யுத்தம் வந்ததும் இந்தக் கடிதங்களின் தொனியே மாறிவிட்டது என்று அப்பா சொல்வார். 1941இல் ஜப்பான் பட்டு வருவது நின்றது. கொள்ளேகாலம், மைசூர் பக்கத்துப் பட்டைப் பாராசூட்டுக்கென்று சர்க்கார் வாங்கிக்கொண்டது. நூல் கேட்டு எழுதினால் 'இல்லை' என்று பதில் வரும். பாவு இல்லாமல் தறிக்குழியில் கோழி அடைந்தது என்பது எங்கள் வீட்டில் அடிக்கடி சொல்லும் பேச்சு.

1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பான் குண்டு விழுந்ததும் மதராஸ் காலியாயிற்று. அங்கிருந்து சொந்தக்காரர்கள் மூட்டை முடிச்சோடு காஞ்சிபுரம் வந்து திண்ணைகளில் தங்கினார்கள். தபால்காரருக்கு ஒரே தொல்லை. ஒரே வீட்டு விலாசத்தில் ஏழெட்டுப் பெயருக்குக் கடிதம் வரும்.

அதே 1942இல்தான் அண்ணாதுரை அவர்கள் நம் காஞ்சிபுரத்திலிருந்து 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கினார். காகிதத்துக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. இதழைச் சுற்றி விலாசம் எழுதிய காகிதப் பட்டையோடு வெளியூருக்குப் போயிருக்கும். அந்தப் பட்டையை யார் வைத்திருக்கப்போகிறார்கள்? இதழை வைத்திருப்பவர்கள் உண்டு. பட்டையை வைத்திருப்பவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

ஸ்டாம்பு பற்றிப் பேசும்போது சில்லறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலோகம் எல்லாம் யுத்தத்துக்குப் போனதால் சில்லறைக் காசு கண்ணில் படவில்லை. 1940இல் ஒரு ரூபாய் நோட்டு புழக்கத்துக்கு வந்தது. வெள்ளி ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1943இல் நடுவில் ஓட்டை போட்ட காலணா வந்தது. அரைஞாண் கயிற்றில் அதைக் கோத்துக்கொண்டு திரிந்தவர்கள் இதைப் படிப்பவர்களிலேயே இருப்பீர்கள். மளிகைக் கடையில் சில்லறைக்குப் பதிலாகக் காலணா ஸ்டாம்பைக் கொடுத்தார்கள் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். வியர்வையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம்.

இலங்கையில் இதைவிட வேடிக்கை. 1942இல் அங்கே சர்க்காரே ஸ்டாம்பு மாதிரி ஓர் ஐந்து சத நோட்டு போட்டது. நடுவே ஸ்டாம்புக்கு இருப்பதுபோல் துளை வரிசை. ஒரு பாதி மூன்று சதம், மறு பாதி இரண்டு சதம். வேண்டுமானால் கிழித்துப் பாதியாகச் செலவழிக்கலாம்! யுத்தம் காசையும் ஸ்டாம்பையும் ஒன்றாக்கிவிட்டது.

எதிர்த் தரப்பும் நம் பெயரில் ஸ்டாம்பு போட்டது. 1943இல் பெர்லின் அரசாங்க அச்சகத்தில் 'ஆசாத் ஹிந்த்' ஸ்டாம்புகள் அச்சாயின. ஏர் உழும் விவசாயி, ராட்டையில் நூற்கும் பெண், அறுபட்ட சங்கிலியோடு இந்திய வரைபடம், துப்பாக்கி பிடித்த சிப்பாய்கள். நேதாஜியின் படை இந்திய மண்ணைப் பிடித்ததும் வழங்குவதற்காக வைத்திருந்தார்கள். வழங்க வாய்க்கவில்லை. ஆகவே அவற்றில் எந்த ஊர் முத்திரையும் விழுந்ததில்லை. எந்தத் தாயும் மகனுக்கு அதை ஒட்டிக் கடிதம் போட்டதில்லை. சுதந்திரம் வந்தபின் 1947 நவம்பர் 21ஆம் தேதி வந்த நம் முதல் ஸ்டாம்பில் மூவர்ணக் கொடியும் 'ஜெய்ஹிந்த்' என்ற சொல்லும் இருந்தன. அந்தச் சொல் மட்டும் ஊர் வந்து சேர்ந்தது.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

நயா பைசா வந்த வருஷம், 1957. எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் ஸ்டாம்பு சேர்ப்பது ஒரு ஜுரம் மாதிரி பரவியது. பரணில் பாட்டியின் தகரப்பெட்டி ஒன்று இருந்தது. அதில் பழைய உறைகளும் கார்டுகளும் ஒரு சிவப்புப் பட்டு நூலில் கட்டிக் கிடந்தன. யாரையும் கேட்கவில்லை. ஒவ்வோர் உறையிலும் ஸ்டாம்பு இருந்த மூலையைக் கத்தரித்தேன். கிண்ணியில் தண்ணீர் வைத்து ஊறப்போட்டேன். கோந்து கரைந்து ஸ்டாம்பு தனியே மிதந்ததும் எடுத்துப் பழைய 'தினமணி'த் தாளில் வைத்து அழுத்தினேன். மீதி உறைகளை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன். பாட்டி அன்று சாயங்காலம் பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பட்டு நூலை மட்டும் எடுத்து விரலில் சுற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஏன் என்று புரியவில்லை.

அப்பாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். என் பெரியப்பா. நான் பார்த்ததில்லை. தறியில் வருமானம் போதவில்லை என்று மலாயாவுக்குப் போய், பினாங்குக்கு எதிர்க்கரையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தார். மாதம் ஒரு கடிதம் வரும். 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பான் படை கோத்தபாருவில் இறங்கியது. 11ஆம் தேதி பினாங்கில் குண்டு விழுந்தது. அடுத்த சில நாட்களில் பினாங்கு விழுந்தது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது. அன்றோடு மலாயாவுக்கும் நமக்கும் தபால் அறுந்தது. ஜப்பான்காரர்கள் அங்கே பிரிட்டிஷ் ஸ்டாம்புகளின் மேலேயே '2602' என்று தங்கள் வருஷக் கணக்கை அச்சடித்துப் பயன்படுத்தினார்கள். நம் வருஷத்துக்கு அது 1942.

மூன்றரை வருஷம் கடிதமே இல்லை. எதிரி பிடித்த நாடுகளுக்கு ரெட்கிராஸ் மூலம் இருபத்தைந்து வார்த்தைக்குள் செய்தி அனுப்பும் ஏற்பாடு உலகெங்கும் இருந்தது. பிள்ளையார்பாளையத்து நெசவாளி வீட்டுக்கு அது எங்கே தெரியும்? யுத்தம் முடிந்து 1946இல் கப்பலில் வந்த ஆரணிப் பக்கத்து ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்து, பெரியப்பாவைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள் என்று சொன்னார். அதற்குமேல் ஒரு தகவலும் இல்லை. அந்த ரயில் பாதையில் மாண்ட தமிழர்களுக்குக் கல்லறைக் கல் கிடையாது.

இதெல்லாம் நான் பெரியவனான பிறகு அப்பா சொல்லித் தெரிந்துகொண்டது. ஒருநாள் என் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவர், மாட்டுவண்டி படம் போட்ட ஓர் ஊதா இரண்டரையணா ஸ்டாம்பில் விரலை வைத்தார். "இது எங்க அண்ணனுக்கு எங்கப்பா போட்டு, போய்ச் சேராம திரும்பி வந்த கடுதாசியோட ஸ்டாம்புடா. உள்ளே இருந்த காகிதம் எப்பவோ போயிடுச்சு. கவரை மட்டும் அம்மா வச்சிருந்தா" என்றார்.

எனக்கு அந்த உறை ஞாபகம் இருக்கிறது. ஓரத்தில் தணிக்கைக்காரர் பிரித்து மறுபடி ஒட்டிய காகிதப் பட்டை. முன்பக்கம் ஊதா மையில் இரண்டு வரி ஆங்கில முத்திரை. ஒன்பது வயதில் அதைப் படிக்கவில்லை. எனக்கு வேண்டியது மாட்டுவண்டி.

அந்த ஸ்டாம்பு இப்போதும் என்னிடம் இருக்கிறது. தபால் முத்திரையின் பாதி ஸ்டாம்பின்மேல் விழுந்திருக்கிறது. மற்றப் பாதி உறையின்மேல் விழுந்து, அடுப்போடு போயிற்று. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், வெள்ளைக்காரன் வைத்த 'கான்ஜீவரம்' என்ற பெயரில் 'ஜீவரம்' மட்டும் தெரியும். கீழே '8', அதன் பக்கத்தில் டிசம்பரைக் குறிக்கும் இரண்டு எழுத்து. எட்டுக்கு முன்னால் ஓர் எண் இருந்ததா இல்லையா என்று தெரியாது, அந்த இடத்தில் ஸ்டாம்பு முடிந்துவிடுகிறது.

டிசம்பர் 8 ஆக இருக்கலாம். 18 ஆக இருக்கலாம். 28ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அநேகமாக அது இருக்காது. 8 என்றால், யுத்தச் செய்தி ஊருக்கு வந்து சேருமுன் தாத்தா எழுதிய சாதாரணக் கடிதம். தறி எப்படி இருக்கிறது, தங்கைக்கு வரன் வந்ததா, ஏகாம்பரநாதர் கோயிலில் என்ன விசேஷம் என்று எழுதியிருப்பார். 18 என்றால், பினாங்கில் குண்டு விழுந்தது தெரிந்த பிறகு, எப்படியாவது கப்பல் ஏறி வந்துவிடு என்று ஒரு தகப்பன் எழுதிய கடிதம். இரண்டும் ஒன்றாகுமா? உறை இருந்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். பின்பக்கம் எந்தெந்த ஊர் முத்திரை இருந்தது, எதுவரை போய்த் திரும்பியது என்பதும் தெரிந்திருக்கும். பாட்டி அதையெல்லாம் படிக்கத் தெரியாமலே பதினைந்து வருஷம் பத்திரமாக வைத்திருந்தாள். படிக்கத் தெரிந்த நான் ஒரு சாயங்காலத்தில் எரித்துவிட்டேன்.

ஸ்டாம்பு சேர்ப்பவர்களுக்கு இன்று நான் சொல்வது ஒன்றுதான். யுத்தகாலத்து ஸ்டாம்பு தனியாக இருந்தால் அதற்கு விலை உண்டு, சொற்ப விலை. உறையோடு இருந்தால் அது சாட்சி. கட்டணம் எவ்வளவு, எந்தத் தேதி, யார் பிரித்துப் பார்த்தார்கள், ஏன் திரும்பியது என்று எல்லாவற்றையும் அது சொல்லும். லண்டனிலிருந்து வந்த பச்சைப் புத்தகத்தில் பதினெட்டு ஸ்டாம்பும் கசங்காமல் இருக்கின்றன. யாரும் கிழித்து ஒட்டாததால்தான் அது தப்பியது. யாருக்கும் எழுதப்படாத பதினெட்டுக் கடிதம் என்று வைத்துக்கொள்ளலாம். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் மாட்டுவண்டி ஸ்டாம்பையும் எடுத்துப் பார்க்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் தகரப்பெட்டி இருக்கும். மலாயா, பர்மா, சிலோன் என்று யாராவது போயிருப்பார்கள். பேரப்பிள்ளைகள் கையில் கத்தரிக்கோல் கிடைக்குமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். தண்ணீரில் போடாதீர்கள், பசை வைத்து ஒட்டாதீர்கள். உறையை அப்படியே ஒரு நல்ல காகிதத்துக்குள் வைத்துவிடுங்கள். யாருடையது, யார் எழுதியது என்று தெரிந்தவரை ஒரு தனித்தாளில் பென்சிலால் எழுதிக் கூடவே வையுங்கள். நமக்குப் பிறகு அதைச் சொல்ல ஆள் இல்லை.

இன்னொரு வேண்டுகோள். 1941 டிசம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து மலாயாவுக்குப் போய்த் திரும்பி வந்த உறை எவரிடமாவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். விற்க வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். நானே வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்கிறேன். அதில் என்ன தேதி, அந்த ஊதா முத்திரையில் இரண்டு வரி என்ன எழுதியிருக்கிறது என்று படித்தால் போதும்.